ஒரு வாய்ப் பிரசாதம்

சென்ற மாதம் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பிரசாத வரிசையில் நின்றோம். தொன்னையில் ரவா கேசரி. ஏழு வயதுப் பேரன் கை நீட்டாமல் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குச் செலியாக் நோய், கோதுமை ஆகாது. ‘நாள்தோறும் தயிர் உண்கிறான்; குடலுக்கு நலம் தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் பொடியும் கொடுக்கிறோம். பகவத் பிரசாதம் ஒரு வாய் என்ன செய்துவிடும்?’ என்று நானே ஊட்டினேன். அன்றிரவு முழுவதும் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. இந்நோய் உள்ளவர்கள் அதை உண்டால், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. குழந்தை உண்டும் மெலிகிறது, சோகை பிடிக்கிறது, வளர்ச்சி குன்றுகிறது.

கோதுமையே காரணம் என நிறுவியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இக்குழந்தைகள் தேறியது அவரது ஐயத்தை உறுதிப்படுத்தியது.

இக்குழந்தைகளின் குடலில் பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல நுண்ணுயிர்கள் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆகவே அவற்றைப் புரோபயாடிக்காகக் கொடுத்துச் சோதிக்கின்றனர். எனினும், குளூட்டனை உண்டுகொண்டே அதன் தீங்கிலிருந்து தப்புவிக்கும் புரோபயாடிக் எதுவும் இதுவரை இல்லை. அத்தகைய பொடிகள் சிலவற்றிலேயே குளூட்டன் இருந்ததும் உண்டு. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே மருத்துவம். தயிர் நல்ல உணவு, மாற்று மருந்தன்று. வங்கியில் பணியாற்றிய எனக்கு இது எளிதில் விளங்கியது: பற்று நிற்காத கணக்கில் சிறு வரவு என்ன செய்யும்?

வீட்டில் இத்தகைய குழந்தை இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ரவை, மைதா, சேமியா மூன்றும் கோதுமையே. கடைக் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்கிறது. ஆகவே புளியோதரையையும் சுண்டலையும்கூட விசாரித்தே கொடுக்க வேண்டும். மால்ட் கலந்த சத்துபானங்களில் பார்லி உண்டு. நோய் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையில் நோய் தென்படாமல் போகலாம்.

பிரசாதத்தை மறுப்பது அபசாரம் என்று அஞ்சியே நான் பிழை செய்தேன். சென்ற வாரம் அதே வரிசையில் பேரன் கேசரியை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு என்னிடம் தந்தான். அர்ச்சகர் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். அதுவும் பெருமாள் பிரசாதந்தானே!