எப்.ஏ.க்யூ.: யாருடைய சராசரி?

பத்தமடை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோரைப் பாய்தான் நினைவுக்கு வரும். ஆனால் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் இங்கே நெல்லும் விளைகிறது. அந்த நெல்லை நம்பி ஏராளமான சிறு விவசாயிகளும் குத்தகைதாரர்களும் வாழ்கிறார்கள். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிச் செல்லும்போது இவர்கள் வழியை மறிப்பவை மூன்று இங்கிலீஷ் எழுத்துக்கள்: எப்.ஏ.க்யூ.

இதன் பொருள் 'நியாயமான சராசரித் தரம்'. மத்திய சர்க்கார் அறிவிக்கும் ஆதார விலை இந்தத் தரமுள்ள நெல்லுக்கு மட்டுமே. பெயரில் நியாயமும் இருக்கிறது, சராசரியும் இருக்கிறது. நடைமுறையில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று நாம் கேட்கிறோம்.

இந்த எழுத்துக்கள் தானிய வியாபாரிகளின் ஒப்பந்தங்களில் நெடுங்காலமாகப் புழங்கி வருபவை. 1878-இல் லண்டனில் தோன்றிய தானிய வியாபாரிகள் சங்கத்தின் ஒப்பந்தங்களில் எப்.ஏ.க்யூ. என்றால், அந்தப் பருவத்தில், அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய சரக்கின் சராசரி என்று அர்த்தம். வந்த சரக்குகளிலிருந்தே மாதிரி எடுத்துக் கலந்து தரத்தை நிர்ணயித்தார்கள். ஆஸ்திரேலியக் கோதுமைக்கும் ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் பல பகுதிகளின் மாதிரிகளைச் சேர்த்து அவ்வருஷத்தின் தரத்தை வகுக்கும் வழக்கம் இருந்தது. மழை பயிரைக் கெடுத்த வருஷத்தில் தரமும் அதற்கேற்பத் தாழும். 'போன வருஷம் போல இல்லையே' என்று வாங்குகிறவன் கைவிரிக்க முடியாது. மாதிரியைவிடச் சரக்கு மட்டமாக இருந்தால் மத்தியஸ்தர் விலையில் தள்ளுபடி சொல்வார். வாங்குகிறவன் தன்னிச்சையாகச் சரக்கைத் திருப்பி அனுப்ப முடியாது.

இது லாபம் தேடும் வியாபாரிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. சர்க்காரின் விதியில் இதே எழுத்துக்களுக்கு என்ன பொருள் என்று பாருங்கள். ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேல் கூடாது. முதிராத, சுருங்கிய நெல்மணி 3-க்கு மேல் கூடாது. சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு தின்றது எல்லாம் சேர்த்து 5-க்கு மேல் கூடாது. எண்கள் டில்லியில் எழுதப்படுகின்றன. பெயர் 'சராசரி', உள்ளே இருப்பதோ உச்சவரம்பு. ஒரு வட்டாரத்தின் நெல் முழுவதும் மழையில் நனைந்து 19 காட்டினால், அந்த வட்டாரத்தின் உண்மையான சராசரி 19. விதியின்படியோ அந்த நெல் அத்தனையும் 'சராசரிக்குக் கீழே'!

தாமிரவருணிப் பாசனத்தில் கார் நெல் அறுவடையாகும் காலம் வடகிழக்குப் பருவமழை நெருங்கும் காலம். களத்தில் காயப்போட்ட நெல்லை மேகம் திரண்டால் வாரிச் சுருட்டுவதும், வெயில் வந்தால் மறுபடி விரிப்பதும் விவசாயியின் குடும்பம் முழுவதும் செய்யும் வேலை. அப்படிக் காய வைத்தும் 19 காட்டினால் என்ன நஷ்டம்? கணக்குப் பார்ப்போம். 40 கிலோ சிப்பத்தில் ஈரம் 17-க்குப் பதில் 19 இருந்தால், கூடுதல் தண்ணீர் ஒரு கிலோவுக்கும் குறைவு. 2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்து சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் விலை 2,500 ரூபாய். அதன்படி அந்தத் தண்ணீரின் மதிப்பு 25 ரூபாய்க்கும் குறைவு. இந்த 25 ரூபாய் வித்தியாசத்துக்காகச் சிப்பம் முழுவதையும் திருப்பி அனுப்பினால், விவசாயி எங்கே போவான்? கடனுக்கு வட்டி ஏறுகிறது; நெல் முளைவிடப் பார்க்கிறது. வெளியே காத்திருக்கும் வியாபாரி சொன்னதே விலை.

மத்திய சர்க்கார் ஒருபோதும் விதியைத் தளர்த்தவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டு நெல்லுக்கு ஈரப்பதம் 19 வரை அனுமதிக்கப்பட்டது. அதே வருஷம் கடும் வெயிலில் பஞ்சாப், ஹரியானா கோதுமை சுருங்கியபோது, சுருங்கிய மணிக்கான வரம்பு 6-லிருந்து 18-ஆக உயர்த்தப்பட்டது, விலை குறைக்கப்படவில்லை. 2023-இல் மழை கோதுமையைக் கெடுத்தபோதும் வரம்பு தளர்ந்தது. இம்முறை விலையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமும் இயற்கைதான் கெடுத்தது. ஒரு வருஷம் பிடித்தம் இல்லை, மறு வருஷம் பிடித்தம்! ஒப்பந்த வியாபாரி உரிமையாகப் பெறுவதை விவசாயி மனுப் போட்டு, மத்தியக் குழு வரும்வரை காத்திருந்து, சலுகையாகப் பெற வேண்டியிருக்கிறது. உத்தரவு வருவதற்குள் பலருடைய நெல் கைமாறிவிடுகிறது.

'ஈர நெல்லை வாங்கினால் கிடங்கில் கெட்டுப்போகும். ரேஷன் அரிசி நாறும்' என்று அதிகாரிகள் சொல்வார்கள். இது வீண் வாதமல்ல. அந்த அரிசியைச் சாப்பிடுகிறவர்களும் நம் மக்களே. ஆனால் நெல்லைக் காயவைக்கும் எந்திரம் வாங்கும் சக்தி யாரிடம் இருக்கிறது? அரை ஏக்கர் குத்தகைக்காரனிடமா, சர்க்காரிடமா?

தரம் என்பதற்கு யார் பொருள் எழுதுகிறார்களோ அவர்களே விலையையும் எழுதுகிறார்கள். 2020-இல் வந்த ஒப்பந்த விவசாயச் சட்டம், தரத்தையும் அளவுகோலையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வழிவிட்டது. கம்பெனியும் சிறு விவசாயியும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேனா யார் கையில் இருக்கும் என்று விவசாயிகளுக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் டில்லி எல்லையில் கிடந்து போராடி, 2021 நவம்பரில் அந்தச் சட்டத்தை ரத்துச் செய்யவைத்தார்கள். சர்க்கார் விதியில் உள்ள பொருளையும் அதே உறுதியோடு நாம் கேள்வி கேட்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை: ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்தந்த வட்டார நெல்லின் மாதிரியை விவசாயிகள் முன்னிலையில் எடுத்துத் தரத்தை நிர்ணயிக்க வேண்டும். ஈரம் கூடுதலானால் கூடுதல் தண்ணீரின் எடையை மட்டும் கழிக்க வேண்டும். நெல்லைத் திருப்பக் கூடாது. கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் எந்திரமும் களமும் தார்ப்பாயும் வேண்டும். ஈரமானியில் விழும் எண்ணை விவசாயி தன் கண்ணால் பார்த்து, அதைச் சீட்டில் எழுதி வாங்கும் உரிமை வேண்டும்.

கார் அறுவடைக்கு முன்பே இக்கோரிக்கைகளைக் கிராமம் கிராமமாகக் கொண்டு செல்வோம். விவசாயிகள் சங்கத்தில் அணி திரண்டு, 'சராசரி' என்ற சொல்லுக்கு அதன் உண்மைப் பொருளை மீட்போம்!