நஞ்சுக்கொடி நஞ்சன்று



பேறுகாலம் முடிந்த வீட்டில், குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்தபடியாக முதியவர்கள் கேட்கும் கேள்வி, "நஞ்சு விழுந்துவிட்டதா?" என்பதாகும். விழுந்துவிட்டது என்ற பதில் கிடைத்ததும் நிம்மதிப் பெருமூச்சு எழுகிறது. பிறகு அதை மண்ணில் புதைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். வெளியேறாமல் தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து என்பதால் அதற்கு அப்பெயர் அமைந்தது போலும். ஆனால், வயிற்றில் சிசு வளரும் காலமெல்லாம் அது அமுதம் ஊட்டும் கொடியாகவே இருக்கிறது.

அன்னையரின் வயிற்றில் மூன்று இருள்களுக்குள் மனிதன் படைக்கப்படுவதை அல்லாஹ் தஆலா திருமறையின் 39ஆம் அத்தியாயம் 6ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். வயிறு, கருப்பை, 'மஷீமா' ஆகிய மூன்றுமே அவ்விருள்கள் என்பது முற்கால விரிவுரையாளர்களின் விளக்கம். கருவைச் சூழ்ந்து காக்கும் சவ்வையும் நஞ்சுக்கொடியையும் குறிக்கும் சொல்லே மஷீமா.

அது செய்யும் பணி

பேறுகாலத்தில் நஞ்சுக்கொடி ஏறத்தாழ அரை கிலோ எடையுள்ள ஒரு தட்டுப் போலிருக்கும். தாயின் இரத்தமும் சிசுவின் இரத்தமும் அதில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மெல்லிய சுவரின் இருபுறமும் அவை ஓட, பிராணவாயுவும் உணவும் சிசுவுக்குச் செல்கின்றன. கழிவுகள் தாயிடம் திரும்புகின்றன. பிறக்கும் வரை சிசுவுக்கு நுரையீரலும் சிறுநீரகமும் அதுவே.

ஆயினும் அது கோட்டைச் சுவரன்று. கர்ப்பிணியைத் தாக்கிய ருபெல்லா அம்மை, பிறந்த குழந்தைகளின் கண்களில் புரையை உண்டாக்கியதை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் எடுத்துரைத்தார். 1950களின் இறுதியில் மசக்கைக்கு விற்கப்பட்ட தாலிடோமைடு என்னும் மாத்திரை, ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் குறையுடன் பிறக்கச் செய்தது. நோயும் மருந்தும் அச்சுவரைக் கடக்கும் என்பதை உலகம் இவ்வாறு பெரும் விலை கொடுத்தே கற்றது.

இதயமும் கொடியும்

சிசுவின் இதயமும் நஞ்சுக்கொடியும் ஒரே வாரங்களில் உருவாகின்றன. கருத்தரித்து நான்காவது வாரத்திலேயே துடிக்கத் தொடங்கும் அச்சிறு இதயம், தன் இரத்தத்தை நஞ்சுக்கொடிக்கும் சேர்த்தே செலுத்துகிறது. எனவே ஒன்றின் குறை மற்றொன்றைப் பாதிப்பதுண்டு. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மரபணுக் கோளாறால் கருவிலேயே மடியும் எலி வகைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை சோதிக்கப்பட்டன. மூன்றில் இரு பங்கு வகைகளில் நஞ்சுக்கொடியும் பழுதுற்றிருந்தது. அவ்வாறு பழுதுற்றவற்றில் இதயம், மூளை, இரத்தக்குழாய்க் குறைகளே மிகுதியாகக் காணப்பட்டன.

மனிதரிலும், இதயக் குறையுள்ள சிசுவின் நஞ்சுக்கொடி சிறுத்திருப்பதும், தொப்புள்கொடி அதன் நடுவில் இணையாமல் ஓரத்தில் இணைவதும் பிற கர்ப்பங்களைவிட மிகுதி. தொப்புள்கொடியில் இருக்க வேண்டிய இரு தமனிகளுக்குப் பதிலாக, நூற்றில் ஒரு கர்ப்பத்தில் ஒன்று மட்டுமே இருப்பதுண்டு. வேறு குறை எதுவும் இல்லையெனில் பெரும்பாலும் குழந்தை நலமாகவே பிறக்கும். எனினும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

குற்றவாளிக் கூண்டில் தாய்

ஸ்கேனில் குறை தெரிந்ததும் நம் குடும்பங்களில் நிகழ்வது என்ன? "எதைத் தின்றாள்? எங்கே போனாள்? கிரகணத்தன்று வெளியே வந்தாளா?" என்று மருமகள் விசாரிக்கப்படுகிறாள். இது அறிவுக்கும் மார்க்கத்துக்கும் முரணானது.

நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி கருவிலிருந்தே முளைக்கிறது. தந்தையின் பங்கும் தாயின் பங்கும் அதில் உண்டு. 1984இல் எலிகளிடம் நடந்த ஆய்வுகளில், தாய்வழி மரபுப் பொருள் மட்டுமே கொண்ட கருவில் நஞ்சுக்கொடி சரிவர வளரவில்லை. தந்தையின் பங்கின்றி அக்கொடி தழைக்காது என்பது அதனால் தெளிவாயிற்று. அவ்வாறிருக்கப் பழி மட்டும் பெண்ணுக்கு ஏன்?

தன் மனைவி கறுத்த குழந்தையைப் பெற்றதாக ஐயத்துடன் முறையிட்ட ஒரு கிராமவாசியிடம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை விசாரித்தார்கள். சிவந்த ஒட்டகங்களிடையே சாம்பல் நிறக் குட்டி எவ்வாறு வந்தது என வினவி, மூதாதையரின் மரபு இழுத்திருக்கலாம் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, குழந்தைக்கும் அது பொருந்தும் என உணர்த்தினார்கள். ஒரு பெண்ணின் மீது விழவிருந்த பழி அங்கேயே துடைக்கப்பட்டது. தம் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் ஏற்பட்டபோது, எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்ததும் அந்தத் திருவாயே. இவ்விரு ஹதீஸ்களையும் அறிந்த சமுதாயம் கிரகணத்தின் பெயரால் கர்ப்பிணியைக் குற்றம் சாட்டலாமா?

செய்ய வேண்டியவை

பழிச்சொல்லின் விளைவு மன வேதனையோடு நிற்பதில்லை. மனமுடைந்த பெண் மருத்துவமனைக்குச் செல்வதையே நிறுத்திவிடுகிறாள். "குறையுள்ள குழந்தைதானே, இனி எதற்குச் சோதனை?" என்று வீட்டாரும் விட்டுவிடுகின்றனர். இது பேராபத்து. நஞ்சுக்கொடி பழுதுற்றால் சிசுவின் வளர்ச்சி குன்றும். தாய்க்கும் இரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வரை செல்லக்கூடும். ஆகவே இத்தகைய கர்ப்பத்துக்குக் கூடுதல் கவனிப்பே தேவை.

இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் தவறாமல் பார்க்கப்பட வேண்டும். சிசுவின் வளர்ச்சியையும் தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தையும் மருத்துவர் சொல்லும் நாட்களில் ஸ்கேனில் பார்க்க வேண்டும். கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி, இரத்தப்போக்கு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதயக் குறை முன்கூட்டியே தெரிந்தால், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்திலேயே பேற்றுக்கு ஏற்பாடு செய்யலாம்.

பேற்றுக்குப் பின் நஞ்சுக்கொடியைப் பரிசோதிக்க மருத்துவர் கேட்டால் மறுக்காதீர்கள். அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் செய்தி அதில் இருக்கக்கூடும்.

வருமுன் காப்பதும் கடமையே. மூளை, தண்டுவடக் குறைகளைப் பெருமளவு தடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். தண்டுவடக் குழாய் நான்காம் வாரத்திலேயே மூடிவிடுவதால், கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்குவது பெரும்பாலும் காலங்கடந்த செயலாகும். முன்பு அத்தகைய குறையுடன் குழந்தை பிறந்திருந்தால் அளவு கூடும். அதை மருத்துவரே முடிவு செய்வார். நீரிழிவுள்ள பெண் சர்க்கரையைக் கட்டுப்படுத்திய பின்னரே கருத்தரிப்பது நலம். ருபெல்லா தடுப்பூசியைத் திருமணத்துக்கு முன்பே போட்டுவிடலாம். கர்ப்ப காலத்தில் அது கூடாது. லேகியமாயினும் மாத்திரையாயினும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. வழக்கமாக உண்ணும் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. வீட்டுக்குள் புகைக்கும் கணவர்களே, அந்தப் புகையின் தீங்கு உங்கள் பிள்ளையின் நஞ்சுக்கொடி வரை எட்டுகிறது என்பதை மறவாதீர்!

இத்தனைக்குப் பிறகும் குறையுடன் ஒரு குழந்தை பிறக்குமாயின், அதுவும் அல்லாஹ்வின் அமானிதமே. அதைச் சுமந்தவளுக்கு நம்மிடமிருந்து சேர வேண்டியது துஆவும் துணையும்தான். பலவீனத்தின் மேல் பலவீனத்தோடு நம்மைச் சுமந்த அன்னையர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நலமருள்வானாக! ஆமீன்.