வித்தும் நிலமும்

வித்து நல்லதாயின் விளைவும் நல்லதாகும் என்றெண்ணிக் கமக்காரன் வாளாவிருப்பதில்லை. நிலத்தைப் பண்படுத்திய பின்னரே விதைக்கின்றான். உடலில் உயிர்க்கலங்களை விதைக்க முயன்ற விஞ்ஞானிகள் இவ்வுண்மையைத் தோல்விகள் பல கண்ட பின்னரே உணர்ந்தனர். தமிழாசிரியராகிய எமக்கு இதில் என்ன அலுவல் என அன்பர் சிலர் வினவலாம். நோயாளரின் நம்பிக்கையைத் தொடும் செய்தி எவர்க்கும் புறம்பானதன்று என்பதே எம் விடை.

பழுதுற்ற இழையத்தைப் புதுப்பிக்கும் பொருட்டு, கலங்களை வெறும் உப்புநீரிற் கலந்து ஊசியால் ஏற்றிப் பார்த்தனர். அவற்றுட் பெரும்பாலானவை சின்னாளில் மடிந்தன. ஊசியின் ஒடுங்கிய துளையிற் புகும்போதே பல சிதைந்தன. எஞ்சியவை பற்றுக்கோடின்றி அழிந்தன. இக்குறையைத் தீர்க்க வந்ததே நீர்க்களி. நீரை மிகுதியாகத் தன்னுள் தாங்கும் மெல்லிய பின்னல் அது. ஊசியில் ஓடிச் சென்று, உடலினுள் உறைந்து, கலங்களுக்கு உறைவிடமாகின்றது. கபில நிறக் கடற்பாசியினின்று பெறும் அல்ஜினேற்று, கல்சியத்தோடு சேர்ந்ததும் உறைவது இதற்கோர் எடுத்துக்காட்டு.

1960 இல் பிராகா நகரத்து விக்ற்றர்லே, லிம் என்னும் இருவர், உடலுக்கு ஏற்ற நீர்க்களியை உலகுக்கு அறிவித்தனர். 1980 இல் பிராங்கிளின் லிம், அந்தனி சன் ஆகியோர், இன்சுலின் சுரக்கும் கலத்திரள்களை அல்ஜினேற்றுறையில் இட்டு நீரிழிவுற்ற எலிகளுக்கு ஏற்ற, அந்நோய் இரண்டு மூன்று கிழமைகள் அடங்கியிருந்தது. 2012 இல், கொப்பூழ்க்கொடிக் குருதியிற் பெற்ற கலங்களை ஐயலுரோனிக் அமிலக் களியோடு கலந்து முழங்காற் கசியிழையத்திற் பதிக்கும் முறைக்குத் தென்கொரிய அரசு இசைவளித்தது. அதுவும் ஊசியாலன்று, சத்திரசிகிச்சையாலேயே பதிக்கப்படுகின்றது. அரை நூற்றாண்டு உழைப்பின் வேகம் இவ்வளவே என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயின், ஆராய்ச்சியாளர் அடிமேல் அடிவைத்து நடக்க, வணிகரோ பாய்ந்து செல்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவிற் பணஞ்செலுத்திக் கண்களிற் கலவூசி ஏற்றுக்கொண்ட மூன்று பெண்மணிகள் பார்வையைப் பெரிதும் இழந்த செய்தி 2017 இல் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. நோவால் வருந்துவோன் காத்திருக்க மாட்டான் என்பர். உண்மையே. அதனாலன்றோ அவனை ஏமாற்றுதல் எளிதாகின்றது! காணியை ஈடுவைத்தேனும் நலம்பெற விழைவோனுக்கு வேண்டுவது ஆசைமொழியன்று, தெளிவுரையே.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். அவர்கட்கு எமது வேண்டுகோள் ஒன்று: ஏற்றப்படுவது எக்கலம், எதனுள் வைத்து ஏற்றப்படுகின்றது, மனிதரில் முறையாகச் சோதிக்கப்பட்டதா என்னும் மூன்று வினாக்களையும் நோயாளர் தாமே கேட்கும் வண்ணம் நல்ல தமிழில் எழுதுங்கள். வித்தைப் புகழ்வார் பலர்; நிலத்தைக் காட்டுவாரே நமக்குத் தேவை.