ஸ்டிக்கரைப் பார்த்து கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்!



கம்ப்யூட்டர் வேணும் என்று நாம் கேட்டால், பல வீடுகளில் அப்பா ஓவர்டைம் காசை எடுத்துத் தருகிறார், இல்லாவிட்டால் அம்மா சீட்டுப் பணத்தை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூரிலும் நைட் ஷிப்ட் பார்த்து வந்த காசு அது. அதைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "அண்ணே, எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" இந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது சட்டென்று புரியும். லேத்தில் ஸ்பிண்டில் ஆர்.பி.எம். மட்டும் சொன்னால், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உலோகம் சீவலாகும் என்று சொல்ல முடியுமா? ஃபீட் எவ்வளவு, டெப்த் ஆஃப் கட் எவ்வளவு, டூல் ஹெச்.எஸ்.எஸ்.ஸா கார்பைடா, எல்லாம் தெரியணும். கிகாஹெர்ட்ஸ் என்பது வெறும் ஆர்.பி.எம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு கணக்கு நடக்கிறது என்பதை அது சொல்லாது.

இது இன்று நேற்று வந்த குழப்பம் இல்லை. 1991-ல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்று ஒரு மலிவு சிப் விட்டது. தசமக் கணக்குப் போடும் பகுதியை முடக்கிவிட்டு விற்ற 486 அது. கணக்கு வேண்டுமென்றால் 487எஸ்எக்ஸ் என்று இன்னொன்றைத் தனியாக வாங்கிச் செருகணும். வேடிக்கை என்னவென்றால் அந்த 487-ம் ஒரு முழு 486-தான்! செருகியதும் பழைய சிப்பைத் தூங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும். 1992-ல் வந்த ஆட்டோகேட் 12-ஆம் வெளியீடோ கணக்குச் சிப் இல்லாத மெஷினில் ஓடவே ஓடாது.

இன்றைக்கு அந்தப் பகுதி இல்லாத சிப் நம் கடைகளில் கிடையாது. ஆனால் அதே கதை வேறு வேஷத்தில் நடக்கிறது. மலிவு லேப்டாப்புகளில் நிறைய வந்த செலரான் என்4020-ஐ (2019) எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 2.8 கிகாஹெர்ட்ஸ் என்று பெரிதாக இருக்கும். அது கொஞ்ச நேரம் எட்டிப் பிடிக்கிற உச்சம்தான். அடிப்படை வேகம் 1.1. கோர் இரண்டு. அதைவிட முக்கியம், ஒரே கட்டளையில் நாலு பெரிய தசம எண்களைச் சேர்த்துக் கணக்குப் போடும் ஏவிஎக்ஸ் வசதி அதில் இல்லை. இரண்டு இரண்டாகத்தான் போடணும்.

இதன் பக்கத்தில் ஆபீஸ்களில் கழித்துவிட்ட பழைய கோர் ஐ5-8500 (2018) டெஸ்க்டாப் ஒன்றை வையுங்கள். ஆறு கோர், 3 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு கோரும் ஒரு சுற்றுக்குப் பதினாறு பெருக்கல், கூட்டல் செய்யும். 6 x 3 x 16 = 288. அதாவது காகிதக் கணக்கில் ஒரு விநாடிக்கு 28,800 கோடி கணக்கு. நிஜத்தில் குறையும்தான். குறைந்தாலும் புது லேப்டாப்பு இதன் கிட்டவே வராது.

சரி, நமக்கு எதற்கு இவ்வளவு கணக்கு? சிவில் பசங்க ஒரு பெரிய ஃபிரேமை அனலைஸ் பண்ணினால் ஆயிரம் தெரியாத எண்கள் சாதாரணமாக வரும். அந்த அணியை முழுசாக எழுதினால் பத்து லட்சம் எண்கள், எண்ணுக்கு 8 பைட், மொத்தம் 80 லட்சம் பைட். தீர்க்க சுமார் 67 கோடி பெருக்கல், கூட்டல். அளவு இரட்டித்தால் வேலை எட்டு மடங்கு! செலரானின் கேஷ் 4 எம்.பி. தான், இந்த அணி அதில் அடங்காது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ரேமுக்கு ஓடணும். நம்ம ஊர் ரோலிங் மில்லைப் பார்த்தவனுக்குத் தெரியும், ஃபர்னஸிலிருந்து பில்லெட் வரலேன்னா ரோல் எவ்வளவு வேகமாச் சுத்தியும் கம்பி வராது. அதனால்தான் ஒரே ரேம் போடுவதைவிட அதே அளவை இரண்டாகப் பிரித்து இரண்டு ஸ்லாட்டிலும் போடச் சொல்கிறேன்.

கோர் எண்ணிக்கையையும் கண்ணை மூடி நம்பவேண்டாம். வேலையில் பாதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கணும் என்றால், நூறு கோர் போட்டாலும் இரண்டு மடங்குக்கு மேல் வேகம் வராது. ஆம்டால் 1967-லேயே காட்டிய கணக்கு இது. பெயரும் ஏமாற்றும்: 2022-ல் வந்த ரைசன் 5 7520யூ, 7000 வரிசை என்று பேர், உள்ளே இருப்பது 2019-ன் ஜென் 2 வடிவமைப்பு!

"டெஸ்க்டாப்பைத் தூக்கிட்டு டிரெயின்ல வர முடியுமா?" என்று ஹாஸ்டல் நண்பர் கேட்பார். நியாயம்தான். கரண்ட் போனால் யு.பி.எஸ். வேறு வேணும். 2011-ல் அரசின் இலவச லேப்டாப் திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது, ஆனால் அது அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு. சுயநிதிக் கல்லூரிப் பையன் சொந்தக் காசில்தான் வாங்கணும். ரெஸ்யூமே அடிக்க, ரெக்கார்டு எழுத, பாடம் பார்க்க மட்டும்தான் என்றால் செலரானே போதும், அதற்குமேல் செலவு செய்வது வீண். புராஜெக்ட், டிராயிங், அனாலிசிஸ் என்றால் வீட்டுக்குப் பழைய டெஸ்க்டாப்பே என் ஓட்டு. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, விண்டோஸ் 11 அதற்கு முந்தைய சிப்களை அநேகமாக ஏற்பதில்லை. எஸ்.எஸ்.டி.யும் 8 ஜி.பி. ரேமும் கட்டாயம்.

வாங்கப் போகும்போது பென் டிரைவில் உங்கள் சொந்த ஃபைலையே கொண்டு போங்கள், உங்களிடம் இருப்பதிலேயே பெரிய டிராயிங்கோ கணக்கோ. ஒரு நிமிஷம் ஓட்டினால் பத்தாது, பத்து நிமிஷம் ஓட்டுங்கள். மெல்லிய லேப்டாப்பு முதல் நிமிஷம் பாயும், சூடேறியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம்ம ஊர் மே மாசத்தில் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை ஏறுங்கள், ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்?