உறுதியும் பதிவும்

எழுவான்கரையில் வளவு வாங்கினாலென்ன, படுவான்கரையில் வயல் வாங்கினாலென்ன, உறுதியில் கையொப்பம் விழுந்ததும் காணி நமதாயிற்று என்று மகிழ்வது நம்மவர் இயல்பு. காரியம் அத்துடன் முடிவதன்று.

காணி விற்பனையும் நன்கொடையும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே இருக்கக் கையொப்பம் பெறல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. உறுதி நம் கைக்கு வரும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் தங்கும். மற்றொன்று அடுத்த மாதம் 15ஆந் தேதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போகும். அப்பிரதி போனதே பதிவு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உறுதியைப் பதிதல் வேறு காரியம்.

பதியாவிடில் நேர்வது யாது? மட்டக்களப்பிலே வீடுவளவைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதுவது தொன்றுதொட்ட வழக்கம். அவ்வுறுதி பெட்டிக்குள்ளே உறங்க, தந்தை பணமுடையால் அதே வளவைப் பிறருக்கு விற்றார் என்க. வாங்கியவர் முந்திப் பதிந்துகொண்டால், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அவருறுதியே வெல்லும். சூதோ கூட்டுச்சதியோ உண்டென நிலைநாட்டினாலன்றி மகளுக்கு வீடில்லை.

ஆதலின், விலை பேசியதும் பதிவகத்து ஏட்டைத் தேடுவித்து, முன்னுறுதி, ஈடு, வழக்கு ஆகியவற்றை அறிதல் வேண்டும். அரச அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் முதலில் விசாரித்தல் நன்று. கையொப்பமிட்டபின் நாள் கடத்தாது பதிவித்து, பதிவிலக்கத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே உறுதியைப் பெட்டியில் வைத்தல் தகும்.