பெட்டியில் வரும் மிதிவண்டிக்கு யார் பொறுப்பு?

சில வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, என் நான்காம் படிவ மாணவன் ஒருவன் இடது கையில் மாவுக்கட்டுடன் வகுப்புக்குள் வந்தான். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். "சைக்கிள்ல விழுந்துட்டேன் சார்" என்றான். பதினாறு வயதுப் பையன் மிதிவண்டியில் விழுவது பெரிய செய்தி அல்ல. ஆனால் அடுத்து அவன் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. "புது சைக்கிள் சார். ஃபோன்ல ஆர்டர் பண்ணது. நானே பூட்டினேன். முதல் நாளே விழுந்துட்டேன்."

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய் அந்த மிதிவண்டியைப் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. பெட்டியின் நீளத்தைக் குறைப்பதற்காக ஃபோர்க்கைத் திருப்பி வைத்து அனுப்புவது வழக்கம். வாங்கியவர் அதை நேராக்கிய பிறகே ஹேண்டலைப் பூட்ட வேண்டும். பெட்டியில் இருந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவன் பார்த்த காணொளியோ வேறொரு மிதிவண்டிக்கானது.

மறுநாள் அவன் அப்பா அதை எங்கள் ஊர் மிதிவண்டிக் கடைக்குக் கொண்டுபோனார். கடையை நடத்தும் சீனத் தவுக்கே பத்தே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார். உடன் போயிருந்த என்னிடம் அவர் ஒன்று கேட்டார். அவருடைய மகன் கடையை இயங்கலைக்குக் கொண்டுபோகத் துடிக்கிறாராம். நாடு முழுவதும் மிதிவண்டி அனுப்பலாம், வியாபாரம் பெருகும் என்கிறாராம். "சிகு, நீங்கள் அறிவியல் படித்தவர். இது சரியா வருமா?" என்றார்.

அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இயங்கலையில் விற்பது தவறே இல்லை. ஆனால் மிதிவண்டியைச் சட்டை போலவும் புத்தகம் போலவும் விற்க முடியாது. சட்டை பெட்டிக்குள்ளேயே முழுமையான சட்டைதான். மிதிவண்டியோ, கடைசித் திருகை முடுக்கும் வரை இரும்பும் அலுமினியமும் கலந்த ஒரு குவியல்தான். அந்தக் கடைசி வேலைக்குப் பொறுப்பேற்காமல் வளர நினைக்கும் கடை, தன் ஆபத்தை வாங்குபவர் தலையில் கட்டுகிறது.

ஃபோர்க் திரும்பினால் என்ன ஆகும்?

ஒரு மிதிவண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஃபோர்க் சற்றே முன்னோக்கி வளைந்திருக்கும், அல்லது சக்கரத்தின் அச்சு சற்று முன்தள்ளி இருக்கும். இந்தத் தள்ளல் பெரும்பாலும் 4 முதல் 5 சென்டிமீட்டர். ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பினால், முன்சக்கரம் அதைப் போல் இரு மடங்கு, அதாவது ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் பின்னுக்கு வந்துவிடும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஓட்டுபவரும் மிதிவண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 100 சென்டிமீட்டர் உயரத்திலும், முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் பிரேக்கை அழுத்தும்போது, வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 மடங்கை எட்டினால் பின்சக்கரம் மேலெழும். 60-ஐ 100-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண்தான் அது. ஃபோர்க் திரும்பிய வண்டியில் 60 என்பது 51 ஆகிவிடும். 0.51 மடங்கிலேயே ஓட்டுபவர் தலைகுப்புறப் போவார். நம் மாணவன் இறக்கமான சாலையில் பிரேக் பிடித்தான். இறக்கத்தில் அந்த எல்லை இன்னும் குறையும். பிறகு நடந்ததை அவன் கை சொல்கிறது.

முடுக்குவதும் ஓர் அளவுதான்

'மோமென் டாயா' என்று மலாய் மொழியில் படித்திருப்பீர்கள். தமிழில் திருப்புத்திறன். விசையைத் தூரத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். ஹேண்டலைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளுக்கு ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர் போதும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் கீயில் 50 நியூட்டன் விசை கொடுத்தால் அது வந்துவிடும். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு விசை அது. பெடலுக்கோ 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வேண்டும். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 160 நியூட்டன், அதாவது பதினாறு கிலோவைத் தூக்கும் விசை.

வீட்டில் பூட்டுகிற பையனுக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒரே மாதிரி முடுக்குவான். பெடல் தளர்ந்திருக்கும், ஹேண்டல் திருகின் மரை பிய்ந்திருக்கும். கடையில் வேலை செய்பவரின் கைக்கு இந்த அளவுகள் பழகிப்போயிருக்கும். பழகாதவருக்காக 'டார்க் ரெஞ்ச்' என்ற கருவி இருக்கிறது. குறித்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுத்து நிறுத்தச் சொல்லும்.

இடது பெடலின் இரகசியம்

வலது பெடல் சாதாரணத் திருகு போல வலஞ்சுழியாக முடுகும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். ஏன் தெரியுமா? ஒரு பென்சிலை மூடிய கைக்குள் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் வெளிமுனையைப் பிடித்து வட்டமாகச் சுற்றுங்கள். நீங்கள் வலஞ்சுழியாகச் சுற்றினால் பென்சில் தன்னைத்தானே இடஞ்சுழியாக உருட்டிக்கொள்ளும். பெடலின் தண்டும் கிராங்கின் துளைக்குள் மிக நுண்ணிய அளவில் இப்படித்தான் உருளுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மரை இருந்தால் இடது பெடல் ஓட்ட ஓட்டக் கழன்றுவிடும்.

இதை நன்றாக அறிந்த இரு கடைக்காரர்களை உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், டேட்டன் நகரில் 1892-ஆம் ஆண்டு மிதிவண்டிக் கடை திறந்த ரைட் சகோதரர்கள்தாம் அவர்கள். கழன்று போகாத பெடல்கள் தங்கள் வண்டியில் உண்டு என்று 1900-ஆம் ஆண்டிலேயே விளம்பரம் செய்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே கைகள்தாம் முதல் விமானத்தைப் பறக்கவிட்டன.

இடது பெடலை வலது கிராங்கில் வைத்து வலுக்கட்டாயமாக முடுக்கினால், எஃகுத் தண்டு அலுமினிய மரையை அரைத்துவிடும். கிராங்கையே மாற்ற வேண்டிவரும். பெடலில் 'எல்', 'ஆர்' என்று சின்னதாக எழுதியிருப்பதைப் பார்க்கச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்தச் செலவு இல்லை.

பெட்டி சிறுத்தால் ஆபத்து பெருக்கும்

தவுக்கேயின் மகன் என்னிடம் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "முழுதாகப் பூட்டியே அனுப்பினால் என்ன?" இதற்கும் ஒரு கணக்கு உண்டு. பல கூரியர் நிறுவனங்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, உண்மையான எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவார்கள்.

முன்சக்கரத்தை மட்டும் கழற்றிய மிதிவண்டியின் பெட்டி 140 x 25 x 75 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 52.5 கிலோ. வண்டியின் உண்மையான எடையோ 15 கிலோதான். இன்னும் கொஞ்சம் கழற்றி 110 x 20 x 65 பெட்டிக்குள் அடைத்தால் 28.6 கிலோ. கட்டணம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே, விலையைக் குறைக்க நினைக்கும் விற்பனையாளர் மேலும் மேலும் கழற்றத்தான் ஆசைப்படுவார். அவர் கழற்றும் ஒவ்வொரு திருகையும் உங்களில் ஒருவர்தான் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்டப் போகிறீர்கள். மலிவு விற்பனையில் மிச்சமான ரிங்கிட் இங்கிருந்தும் வருகிறது என்பதை மறக்காதீர்கள்.

வளர்ந்தவர்கள் என்ன செய்தார்கள்?

ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரிலுள்ள கென்யன் நிறுவனம், கடைகள் வழியாக அல்லாமல் இணையம் வழியாக நேரடியாக விற்றே உலகப் பெயர் பெற்றது. அது இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. வண்டியைப் பெரும்பாலும் பூட்டிய நிலையில், அதற்கென்றே வடிவமைத்த பெட்டியில் அனுப்பியது. கூடவே ஒரு சிறு டார்க் ரெஞ்சையும் வைத்தது. உயரத்தையும் கால் நீளத்தையும் கேட்டு அளவு சொல்லும் வசதியைத் தன் இணையத்தளத்தில் வைத்தது. அப்படிப்பட்ட நிறுவனமே 2015-ஆம் ஆண்டு இறுதியில் புதிய ஆலைக்கும் புதிய கணினி முறைக்கும் ஒரே நேரத்தில் மாறியபோது தடுமாறியது. வாடிக்கையாளர்கள் வண்டிக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

இன்னொரு கதை பிரிட்டனில் நடந்தது. 1984-இல் வட அயர்லாந்தின் பாலினூர் என்ற சிற்றூரில் ஒரு தம்பதியர் தொடங்கிய சிறு கடை, பின்னாளில் செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ் என்ற பெரிய இணையக் கடையாக வளர்ந்தது. 2016-இல் விகிள் என்ற இன்னொரு இணையக் கடையுடன் இணைந்தது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது உலகமே மிதிவண்டி கேட்டது, சரக்குப் போதவில்லை. எல்லாரும் அள்ளி அள்ளிக் கொள்முதல் செய்தார்கள். சரக்கு வந்து குவிந்தபோது வாங்குபவர் கூட்டம் குறைந்துவிட்டது. 2023 அக்டோபரில் தாய் நிறுவனத்துக்கு வரவேண்டிய முதலீடு நின்றது. அதே மாதம் விகிள்–செயின் ரியாக்‌ஷன் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. ஊர்க் கடையாகத் தொடங்கிய ஒன்று, எவரும் நினைக்காத உயரத்துக்குப் போய் இறங்கிய வரலாறு அது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ட்ரெக் நிறுவனம் 2015-இல் அறிவித்த திட்டத்தில், வாடிக்கையாளர் இணையத்தில் வாங்குவார், வண்டி அவர் ஊருக்கு அருகிலுள்ள முகவர் கடைக்குப் போகும். அங்கே தொழில் தெரிந்தவர் பூட்டிச் சோதித்துக் கையில் கொடுப்பார். அந்த உழைப்புக்குக் கடைக்கும் பங்கு உண்டு.

தவுக்கேக்கு நான் சொன்னது

"உங்கள் மகன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் நீங்கள் நாற்பது ஆண்டாகக் கையில் வைத்திருப்பதை விற்கச் சொல்லுங்கள்" என்றேன். டயர், விளக்கு, தலைக்கவசம், பெல் போன்றவற்றை நாடு முழுவதும் அஞ்சலில் அனுப்பலாம். முழு வண்டியை இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விற்கலாம். லாரியில் பூட்டிய வண்டியாகவே கொண்டுபோய்க் கொடுக்கலாம், அல்லது கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். தொலைவில் உள்ளவருக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஊரில் உள்ள ஒரு கடையுடன் பேசி, பூட்டுக் கூலியை விலையிலேயே சேர்த்துவிடலாம். வேறு இடத்தில் வாங்கிய வண்டியையும் பூட்டிச் சோதித்துத் தருவோம் என்று கட்டணத்தோடு விளம்பரம் செய்யலாம். அதற்கு இன்று தேவை மிகுதி. என் மாணவனே சாட்சி.

இதற்கு மறுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். "கடையில் விலை அதிகம். எங்கள் தோட்டத்துப் பக்கம் மிதிவண்டிக் கடையே இல்லை. இயங்கலை இல்லாவிட்டால் எங்களுக்கு மிதிவண்டியே இல்லை" என்று ஒரு மாணவி வகுப்பிலேயே சொன்னாள். அவள் சொல்வது உண்மை. அதனால்தான் இயங்கலை வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அவள் வாங்கும் வண்டியும் கடை வண்டியைப் போலவே பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவள் மொழியில் ஒரு தெளிவான வழிகாட்டித் தாள், சரியான கருவி, கேள்வி கேட்க ஒரு தொலைபேசி எண். இவற்றைக்கூடக் கொடுக்காத விற்பனையாளர் விலையைக் குறைத்திருக்கிறார் என்று சொல்வது சரியல்ல, வேலையைக் குறைத்திருக்கிறார்.

பெட்டி வீட்டுக்கு வந்தால் நீங்கள் செய்ய வேண்டியவை சில. ஃபோர்க் முன்னோக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்க் பிரேக் வண்டியானால் முன்சக்கர டிஸ்க் நீங்கள் அமரும்போது இடது பக்கம் இருக்க வேண்டும். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு ஹேண்டலைத் திருப்பிப் பாருங்கள், அசையக் கூடாது. பெடலை முதலில் விரலாலேயே சில சுற்று முடுக்குங்கள். விரலுக்கு இணங்காவிட்டால் பக்கம் மாறியிருக்கிறது என்று பொருள். பிறகு சமதரையில், நடக்கும் வேகத்தில், இரண்டு பிரேக்கையும் சோதியுங்கள். சந்தேகம் இருந்தால் கடைக்குத் தள்ளிக்கொண்டே போங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்பேனர் பிடிக்கும் வேலையைப் படிக்காதவர்கள் வேலை என்று நம் வீடுகளில் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். திருப்புத்திறனும் ஈர்ப்பு மையமும் தேர்வுத்தாளில் பத்து மதிப்பெண். அந்தக் கடையில் அவை ஒரு பையனின் கை எலும்பு. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு என் மாணவன் சனிக்கிழமைகளில் தவுக்கேயின் கடையில் வேலை பழகப் போகிறானாம். போன வாரம் வகுப்பில், இடது பெடல் ஏன் எதிர்த்திசையில் முடுகுகிறது என்று பென்சிலை வைத்து நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். நான் குறுக்கிடவில்லை. சரியாகத்தான் சொன்னான்.