அபூர்வம் என்பது பெருமையா?

கிடைத்தற்கரிய பொருள் என்றால் போதும், நம் கண்கள் அகல விரிகின்றன! ஆனால், ஓர் இசைத்தட்டு அபூர்வமாகிவிடுவது அதற்குப் பெருமையா?

1969-இல் இங்கிலாந்தில் ‘ஹம் தோனோ’ என்ற ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது. ‘நாம் இருவர்’ என்பது அதன் பொருள். ஒருவர், ஜமைக்காவில் கன்னியர் நடத்திய ஆல்ஃபா சிறுவர் பள்ளியில் இசை பயின்ற சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹேரியட். மற்றவர், பம்பாயில் பிறந்த கோவா நாட்டவர், கிதார் கலைஞர் அமான்சியோ டிசில்வா. இவ்விருவர் பெயரால் அமைந்த நால்வர் குழுவுடன், சொற்களே இன்றிக் குரலையே ஒரு கருவியாக்கிப் பாடினார் நார்மா வின்ஸ்டன். இந்திய இசையின் சாயலும் ஜாஸும் அங்கே கைகோத்தன.

பின்னர் நெடுங்காலம் அது மறுபதிப்புக் காணவில்லை. ஹேரியட்டோ 1973-இல், 44-ஆம் வயதில், வறுமையில் மறைந்தார். பிற்காலத்தில் சேகரிப்போர் அத்தட்டைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கினர். அப்பணத்தில் ஒரு காசேனும் அவருக்குச் சேர்ந்திருக்குமா? 2015-இல் மறுபதிப்பு வந்தபோதுதான் பலரும் அதைக் கேட்க முடிந்தது.

பேழைக்குள் பூட்டிய வீணை யாருக்குப் பயன்? என் கருத்தில், இசைக்கு அழகு பலர் செவியில் ஒலிப்பதே. தோழியரே, கலைஞரை அவர் வாழும் நாளிலேயே போற்றுவோம்!